ஸ்பாஞ்சுக்கு வலிக்காது

"உனக்கு எதுக்கும்மா முகம்?" என்று போட்டோக்காரர் அவளிடம் ஒருமுறை கேட்டார்.

கேட்டு ஆறு வருஷம் இருக்கும். கேலியாகக்கூடக் கேட்கவில்லை, அவசரத்தில் கேட்டார். முதல் நாள் படம் பிடிக்கப் போகிறார்கள் என்று சொன்னதும், அவள் பவுடர் பூசி, மை தீட்டி, நாத்தனாரின் தோட்டை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். கண்ணாடி முன்னால் நின்று உதட்டுச் சாயத்தைச் சரிசெய்துகொண்டிருந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"கழுத்துக்குக் கீழதான் எடுக்கப்போறேன். வந்து நில்லு."

வந்து நின்றாள். அன்றிலிருந்து நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.

அதற்கு முன்னால் அவள் அதே கம்பெனியில் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்தவள். பருமனான பெண்களுக்கென்று புதிதாக உடுப்பு தைக்க ஆரம்பித்தபோது, துணியை மாட்டிப் பார்க்க ஓர் உடம்பு தேவைப்பட்டது. மேனேஜர் மிஷின் வரிசையில் மேலும் கீழும் நடந்து, இவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். லேபிளில் போடும் எண் நாற்பத்தாறு. டேப் வைத்தால் இவள் சொல்லிவைத்தாற்போல நாற்பத்தாறு. அன்றைக்கே அவளுடைய பேரும் போயிற்று.

"நாற்பத்தாறு வந்தாச்சா?"

"நாற்பத்தாறு சாப்பிடப் போயிருக்கு."

"நல்லா சாப்பிடட்டும், விடு. அதுதானே அதோட வேலை!"

மிஷின் வரிசையில் இருந்த பழைய தோழிகள் பொறாமைப்பட்டார்கள். "உனக்கென்னடி, நின்னுகிட்டே சம்பளம்" என்றார்கள். அவர்களுக்குத் திங்கட்கிழமையைப் பற்றித் தெரியாது.

வெட்டும் கூடத்துக்குப் பின்னால் அளவு அறை. ஜன்னல் கிடையாது. ஒரு டியூப் லைட், ஒரு ஆள் நிற்குமளவுக்கு ஒரு மரப்பலகை, சுவரோரமாகத் தலையில்லாத நான்கு பொம்மைகள். திங்கட்கிழமை காலையில் ஸ்லிப் என்கிற மெல்லிய உள்ளுடுப்போடு அந்தப் பலகையில் ஏறி நிற்க வேண்டும். அளவெடுக்கிற டேப் அக்கா பன்னிரண்டு இடத்தில் டேப்பைச் சுற்றி அட்டையில் எழுதுவாள். அரை அங்குலம் கூடலாம், அரை அங்குலம் குறையலாம். அதற்கு மேல் போனால் வேறு ஆள் பார்ப்பார்கள். கையெழுத்துப் போட்ட தாளில் அப்படித்தான் இருந்தது. தன் உடம்புக்கு இன்னொருத்தர் வேலி போடுவார்கள் என்று அவள் அதுவரை நினைத்ததில்லை.

வீட்டில் மகளுக்குப் பதினோரு வயசு. கம்பெனி கேட்டலாக்கில் அம்மாவின் படம் வந்திருக்கிறது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். "தலையே இல்லையே, இது உங்கம்மான்னு யார் சொன்னது?" என்று கேட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலம் மகள் கேட்டலாக்கை விரித்துவைத்து, வெட்டுப்பட்ட கழுத்துக்கு மேலே பென்சிலால் ஒரு தலை வரைந்தாள்.

"மூக்கு மட்டும் சரியா வரலம்மா. நீ கொஞ்சம் திரும்பு."

அவள் திரும்பி உட்கார்ந்தாள். தன் முகத்தை ஒருத்தர் அவ்வளவு நேரம் பார்த்தது அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஒரே ஒரு படம், இந்தப் பிள்ளைக்காகவாவது, முகத்தோடு வந்துவிட்டால் போதும் என்று அன்றைக்குத்தான் ஆசை முளைத்தது. ஆசையை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவளாக இருந்தால் இந்தக் கதையே வேறு.

போன வருஷம் பாதத்தில் ஒரு சின்னப் புண். ஆறவில்லை. டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "சர்க்கரை தலைக்கு மேல போயிருக்கு. பத்துப் பன்னிரண்டு கிலோ குறைச்சா கால் தப்பிக்கும். குறைக்கலேன்னா நான் பொறுப்பில்ல" என்றாள்.

"குறைக்கக் கூடாதுங்க."

"என்னது?"

"வேலைங்க. என் வேலையே அதுதாங்க."

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தாள். எத்தனையோ பேர் குறைக்க முடியலை என்று அழுதிருக்கிறார்கள். குறைக்கக் கூடாது என்று அழுதவள் இவள் ஒருத்திதான்.

இதிலே ஒரு கூத்து உண்டு. சர்க்கரை மாத்திரை வருவது கம்பெனி கொடுத்த இலவச மருந்து அட்டையில். வேலை போனால் அட்டை போகும். அட்டை வேண்டுமென்றால் வேலை வேண்டும், வேலை வேண்டுமென்றால் உடம்பு இளைக்கக் கூடாது, உடம்பு இளைக்காவிட்டால் எந்த மாத்திரையும் கேட்காது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்துக்காவது நடுவில் கொஞ்சம் இடம் இருக்கும்.

கணவன் லாரியோடு போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள். போனில் சொன்னபோது, "கால்தான் முக்கியம், வேலை கிடக்குது" என்றான். சொல்வது சுலபம். போனை வைத்துவிட்டு அவன் இன்னொரு ஊருக்கு வண்டியைத் திருப்புவான். பலகையில் ஏறி நிற்கப்போவது இவள்தானே.

காலையில் நடந்தாள். தட்டில் பாதி வைத்தாள். புண் ஆறியது. உடம்பு மெல்ல மெல்ல அவளை விட்டு இறங்கிப் போனது. ஒரு திங்கட்கிழமை டேப் நாற்பத்தைந்தரை காட்டியது. அடுத்த வாரம் நாற்பத்தைந்தேகால். டேப் அக்கா பேனாவைத் தூக்கியபடி, "வீட்டுல அடுப்பு எரியலையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, நாற்பத்தைந்தரை என்றே எழுதினாள்.

அந்த வாரம்தான் அவள் வெட்டும் கூடத்துக் குப்பையிலிருந்து ஸ்பாஞ்சுத் துண்டுகளைப் பொறுக்கினாள். தோள்பட்டைக்கு வைக்கிற ஸ்பாஞ்சு. வெட்டியது போக மிஞ்சியது. தையல் தெரிந்த கை. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, மகள் பள்ளிக்கூடம் போன நேரத்தில், மெல்லிய துணிக்குள் வைத்துத் தைத்தாள். மார்புக்கு ஒன்று, இடுப்பைச் சுற்றி ஒன்று, தொடையில் இறங்குகிற மாதிரி ஒன்று. ஓரம் தெரியாமல் சரித்து வெட்டினாள். ஸ்லிப்புக்குள்ளே மாட்டிக்கொண்டு டேப்பை வைத்துப் பார்த்தால் நாற்பத்தாறு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். என்ன, இவள் இல்லாத பூசணிக்காயை இருப்பதாகக் காட்டினாள்.

டேப் அக்காவுக்குத் தெரியாமல் இருக்குமா? முப்பது வருஷமாக உடம்பை அளந்தவள். அந்தத் திங்கட்கிழமை இடுப்பில் டேப்பைச் சுற்றியவள் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். உயிருள்ள இடுப்பு என்றால் மூச்சு விடும்போது டேப் அசையும். இது அசையவில்லை. சுவரோரப் பொம்மையை அளப்பது மாதிரி இருந்தது.

டேப் அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுதிவிட்டு, டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

"மேனேஜர் பக்கத்துல நிக்கறப்ப நல்லா இழுத்து மூச்சு விடு. பொம்ம மாதிரி நிக்காத."

அதோடு சரி. இரண்டு பேரும் அப்புறம் அதைப் பற்றிப் பேசவேயில்லை. வாரத்துக்கு வாரம் அட்டையில் நாற்பத்தாறு ஏறியது. வாரத்துக்கு வாரம் அவள் வீட்டில் இன்னொரு அடுக்கு ஸ்பாஞ்சு வைத்துத் தைத்தாள். பத்து மாதத்தில் அவள் சொந்த உடம்பு நாற்பத்திரண்டு. மீதி நான்கு குப்பையிலிருந்து பொறுக்கியது.

ஒன்றை மட்டும் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

மாதிரி உடுப்பை மாட்டியதும் அவளை நிற்கச் சொல்வார்கள், குனியச் சொல்வார்கள், கடைசியில் முக்காலியில் உட்காரச் சொல்வார்கள். உட்கார்ந்தால் உடம்பு பரவும். பருமனான உடம்பு இரண்டு அங்குலம்கூடப் பரவும். முன்பெல்லாம் உட்கார்ந்ததுமே அவள் "இங்க பிடிக்குதுக்கா" என்பாள். டேப் அக்கா அந்த இடத்தில் சாக்பீசால் கோடு போட்டு, இரண்டு விரல் இளக்கச் சொல்வாள். அந்த "இங்க பிடிக்குதுக்கா"வுக்குத்தான் அவளுக்குச் சம்பளம் என்றுகூடச் சொல்லலாம். இந்தப் பத்து மாதமாக உட்கார்ந்தபோது எங்கேயும் பிடிக்கவில்லை. "சரியா இருக்கு, சரியா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஸ்பாஞ்சு பரவாது. ஸ்பாஞ்சுக்கு வலிக்காது.

கடிதங்கள் வர ஆரம்பித்தன. புது ஸ்கர்ட்டைப் பற்றி. மேனேஜர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்றை எடுத்து உரக்கப் படித்தார்.

"'ஐயா, நான் டிக்கெட் கவுண்ட்டரில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள். உங்கள் ஸ்கர்ட் நிற்கும்போது ராணி மாதிரி இருக்கிறது. உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறது. ராணிகள் உட்காரவே மாட்டார்களா?' எழுத்தப் பாத்தியா! இந்த அம்மா அளவத் தப்பா சொல்லி வாங்கியிருக்கும். நம்ம மேல தப்பு வர சான்ஸே இல்ல. வாராவாரம் அளக்கறோம். என்ன நாற்பத்தாறு, சரிதானே?"

"சரிங்க சார்" என்றாள் அவள். திருடனுக்குத் தேள் கொட்டியது போல இருந்தது. டப்பாவை மூடப் போனாள்.

எதிரில் ஈர்க்குச்சி உட்கார்ந்திருந்தாள். சின்ன அளவு உடுப்புகளுக்கு முகத்தோடு படத்துக்கு நிற்கிற பெண், இருபத்திரண்டு வயசு. காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொள்வாள் என்று சொல்வார்கள். அவளுக்கும் திங்கட்கிழமை உண்டு, கூடிவிடக் கூடாது என்கிற அந்தப் பக்கத்து வேலி. மத்தியானம் அவளுக்கு வெந்நீர்தான்.

"அக்கா, டப்பாவ மூடிடாதீங்க. வாசனையாவது சாப்பிடுறேன்."

"ஒரு வாய் எடுத்துக்கயேன்."

"ஐயோ, ஒரு வாய் எடுத்தா டேப் அக்கா கண்டுபிடிச்சு, எந்தப் பக்கம் இறங்குச்சுன்னுகூடச் சொல்லிடும்."

சிரித்தார்கள். சிரிக்கும்போதும் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தார்கள். ஒருத்தி வெறும் வயிற்றை, இன்னொருத்தி ஸ்பாஞ்சை.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு அவளால் பஸ்ஸில் நிம்மதியாகப் போக முடியவில்லை. பருமனான பெண் யாராவது உட்காராமல் நின்றுகொண்டு வந்தால், ஸ்கர்ட்டைத்தான் பார்த்தாள். நம் ஸ்கர்ட்டா? நம்மால்தான் நிற்கிறாளா?

இந்த நேரத்தில்தான் போட்டோக்காரர் ஓடிவந்தார்.

"நாற்பத்தாறு, உனக்கு யோகம்! பெரிய பத்திரிகைல குண்டா இருக்கறவங்களுக்குன்னு ஒரு தனி இதழ் போடறாங்க. அட்டைப் படம் நம்ம ஸ்கர்ட்டுதான். இந்தத் தடவ முகம் வேணுமாம். ஜம்முனு முக்காலில உட்கார்ந்து, சிரிச்சுகிட்டு. பவுடர் போட்டுட்டு வா, நான் எதுவும் கேக்க மாட்டேன்."

அவர் மறக்கவில்லை போலிருக்கிறது.

இரண்டு நாள் அவள் தூங்கினாளா என்று கேட்காதீர்கள். ஒரு பக்கம் மகளின் பென்சில் தலை. இன்னொரு பக்கம் டிக்கெட் கவுண்ட்டர். தன் முகத்தை வைத்து, உட்கார்ந்து, சிரித்து, "இதில் வசதியாக உட்காரலாம்" என்று ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும். தலையில்லாமல் சொன்ன பொய் வேறு. முகத்தோடு சொல்லப்போகிற பொய் வேறு.

படம் எடுக்கிற அன்று பவுடர் போட்டாள், மை தீட்டினாள். முக்காலியில் உட்கார்ந்தாள். விளக்கைப் போட்டார்கள். ஸ்பாஞ்சு இடுப்பிலிருந்து மேலே ஏறி, தலையணை மாதிரி மார்புக்குக் கீழே வந்து முட்டியது.

"வயித்த உள்ள தள்ளும்மா" என்றார் போட்டோக்காரர்.

"அது வயிறு இல்லீங்க."

அவள் எழுந்து திரைக்குப் பின்னால் போனாள். டேப் அக்கா பின்னாலேயே வந்து கையைப் பிடித்தாள்.

"வேணாம்டி. ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்றேன், வேணாம்."

"உங்க பேரச் சொல்ல மாட்டேன்க்கா."

மூன்று துண்டையும் அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, நழுவுகிற ஸ்கர்ட்டை இன்னொரு கையால் பிடித்தபடி வெளியே வந்தாள். வாழ்நாளில் அவ்வளவு நீளமாக அவள் பேசியதில்லை. சர்க்கரை வந்தது, இளைத்தது, ஸ்பாஞ்சு வைத்தது, உட்கார்ந்தபோது தெரியாமல் போனது, எல்லாம் சொன்னாள். "அளவு தப்புங்க சார். அந்த அம்மா எழுதினது நிஜம். இடுப்புல ரெண்டு விரல் விடணும்" என்று முடித்தாள். அப்பாடா என்று இருந்தது. திட்டுவார்கள், துரத்துவார்கள், துரத்தட்டும்.

மேனேஜர் திட்டவில்லை. நல்ல மனுஷன், அதுதான் தொல்லை.

"இப்ப என்ன அளவு இருக்க?"

"நாற்பத்திரண்டுங்க."

போட்டோக்காரர் தலையைச் சொறிந்தார். "குண்டுக்கு ஒரு இதழ் இருக்கு, ஒல்லிக்கு மத்த எல்லா இதழும் இருக்கு. நடுவுல இருக்கறவங்களுக்கு பக்கமே ஒதுக்கலையே."

மேனேஜர் அவள் கையிலிருந்த துண்டுகளை வாங்கினார். புரட்டிப் பார்த்தார். ஓரத்துச் சரிவை விரலால் தடவினார்.

"நீயா தைச்ச? பிரமாதமா இருக்கே! ஏம்மா, இத அந்த ஈர்க்குச்சிப் பொண்ணுக்குக் கட்டுங்க, பத்தாத எடத்துல துணிய அடைச்சுக்கலாம். முகமும் லட்சணமா இருக்கும், உடம்பும் நாற்பத்தாறா இருக்கும்."

போட்டோக்காரர் கைதட்டினார். "அதான சார்! தாடையெல்லாம் ஒட்டினாப்புல, உடம்பு மட்டும் பூசினாப்புல. பத்திரிகைக்காரங்க கேக்கறதே அதுதான்."

ஈர்க்குச்சியைக் கூட்டிவந்தார்கள். அவளுக்கு முதுகில் முடிச்சுப் போட இவளைத்தான் கூப்பிட்டார்கள்; இவளுக்குத்தானே அது தெரியும்.

"அக்கா, இன்னும் சூடா இருக்கு" என்றாள் ஈர்க்குச்சி, மெதுவாக. "இதுக்குள்ள எப்படிக்கா மூச்சு விட்டீங்க?"

"மெதுவா விடு. பழகிடும்."

படம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"ரெண்டு விரல் விடணும்னு சொன்னியே, அதெல்லாம் இப்ப முடியாது. மொத்தத் துணியும் வெட்டியாச்சு. நீ எதையும் மனசுல வெச்சுக்காத. நாற்பத்தாறுன்னா நீதான், உன் அளவு அட்டைய வெச்சுத்தான் எல்லாக் கடைக்காரங்களும் நம்மள நம்பறாங்க. திங்கட்கிழமை அந்தப் பஞ்சு எல்லாம் மாட்டிகிட்டு வழக்கம்போல வந்துடு." கொஞ்சம் நிறுத்தி, அன்பாகக் கேட்டார். "மருந்தெல்லாம் ஒழுங்கா கிடைக்குதுல்ல?"

"கிடைக்குதுங்க."

ஆப்பை அசைத்த குரங்கு மரப்பிளவில் மாட்டிய தன் வாலை எடுக்கலாம் என்று இழுத்துப் பார்த்ததாம். அசைக்காமல் இருந்திருந்தால் வாலாவது வலிக்காமல் இருந்திருக்கும். இதுவரை அது அவளுடைய பொய். இப்போது கம்பெனியின் பொய். ராஜினாமா செய்யக்கூட அவளுக்கு உரிமையில்லாத மாதிரி ஆகிவிட்டது.

பத்திரிகை வந்தது. அட்டையில் ஈர்க்குச்சி முக்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். மேலே பெரிய எழுத்தில், 'உங்கள் உடம்பை நேசியுங்கள்!' மகள் எங்கிருந்தோ ஒரு பிரதி வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அம்மா, உன் உடம்புக்கு யாரோ தலையை ஒட்டிட்டாங்க!"

"அது என் உடம்பு இல்லம்மா."

"அப்ப யாரோடது?"

மகள் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். ராத்திரித் தட்டில் பாதியை ஒதுக்கிவைத்தாள். "பசிக்கலம்மா" என்றாள். அட்டைப் படத்துப் பெண்ணின் தாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதே விரலால் தன் தாடையையும் தொட்டுப் பார்த்ததை இவள் கவனித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் பலகையில் ஏறினாள். ஸ்பாஞ்சில் ஈர்க்குச்சியின் வாசனைத் தைலம் ஒட்டியிருந்தது. டேப் அக்கா டேப்பை எடுக்கவேயில்லை. பன்னிரண்டு கட்டத்தையும் பார்க்காமலே நிரப்பினாள்.

அப்போது வெட்டும் கூடத்தில் சத்தம். மேனேஜர் யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டே வந்தார்.

"வாங்கம்மா, நீங்களே உங்க கண்ணால பாருங்க. நாங்க ஒண்ணும் கண்ணை மூடிகிட்டுத் தைக்கல. ஒரு நிஜ மனுஷி மேல அளவெடுக்கறோம். இதோ, இவங்கதான். இவங்களும் உங்க அளவுதான்."

கடிதம் எழுதிய டிக்கெட் கவுண்ட்டர் அம்மாள். நாற்பது வயசிருக்கும். நல்ல பருமன், நடந்து வந்ததில் மேல்மூச்சு வாங்கியது. கையில் ஒரு பையில் அந்த ஸ்கர்ட். பலகையில் நின்றவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முகம் மலர்ந்தாள். தன்னைப் போல ஒருத்தியைப் பார்த்துவிட்ட மலர்ச்சி.

"நல்லவேளை, ஆள் இருக்கீங்க. நான் சும்மா பொம்மதான் வெச்சிருப்பாங்கன்னு நினைச்சேன். ஏங்க, நீங்க உட்கார்றப்ப உங்களுக்குப் பிடிக்கலையா?"

அவள் வாயைத் திறந்தாள். மேனேஜர் மருந்து அட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புன்னகையோடு நின்றுகொண்டிருந்தார்.

"கொஞ்சம் இப்படி உட்காருங்களேன், என் பக்கத்துல" என்று அந்த அம்மாள் சுவரோர பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக்காட்டினாள்.

மாதிரி ஸ்கர்ட்டை ஸ்லிப்பின் மேலே மாட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். அந்த அம்மாளின் உடம்பு பெஞ்சில் பரவி அவள் தொடையைத் தொட்டது. வெதுவெதுவென்று இருந்தது. இவள் பக்கம் எதுவும் பரவவில்லை. இடுப்பில் இருந்தது மேலே ஏறி மார்புக்குக் கீழே வந்து நின்றது.

"பிடிக்கறது எங்கன்னா, இங்க பாருங்க" என்று அந்த அம்மாள், பெண்கள் பெண்களிடம் செய்வது போல, இயல்பாக அவள் இடுப்புப் பட்டைக்குள் இரண்டு விரலை நுழைத்தாள்.

விரல்கள் நின்றன. தையல் ஓரத்தைத் தொட்டன. கொஞ்சம் அழுத்திப் பார்த்தன.

டேப் அக்கா சுவரைப் பார்த்தாள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் மூச்சை இழுத்தாள், விட்டாள், டேப் அக்கா சொல்லிக்கொடுத்தபடி. கத்தட்டும் என்று நினைத்தாள். கத்திவிட்டால் போதும். கூடமெல்லாம் கேட்கக் கத்தட்டும்.

அந்த அம்மாள் தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தாள். இடுப்பை அல்ல, முகத்தை. மை தீட்டாத கண்ணை, ஒட்டிப்போன கன்னத்தை, வெகுநேரம். பிறகு விரல்களை மெல்ல வெளியே எடுத்தாள். மேலே ஏறிப்போன ஸ்பாஞ்சுத் துண்டை, யாருக்கும் தெரியாமல், ஸ்கர்ட்டுக்கு மேலாகவே கீழே இழுத்துச் சரிசெய்துவிட்டாள். பையில் இருந்த ஸ்கர்ட்டை எடுத்து பெஞ்சில் வைத்தாள்.

"என்னம்மா, பார்த்தீங்களா? திருப்திதானே?" என்றார் மேனேஜர்.

அந்த அம்மாள் காலிப் பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டாள். தலையில்லாத பொம்மைகளைத் தாண்டி, வெட்டும் கூடத்தின் நீளமான மேஜையை ஒட்டி, நடந்து, வெளியே போனாள்.